தருமபுரிக்குக் குடிவந்தவர்களும் இங்கேயே இருந்தவர்களும்

கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் தருமபுரியில் வாடகை வீடு தேடி வருவோரின் வயதும் வேலையும் மாறிவிட்டன. முன்பெல்லாம் பாரதிபுரத்திலோ பிடமனேரியிலோ மாடி வீடு கேட்டு வருகிறவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மாறுதலாகி வந்த எழுத்தராக இருப்பார். இல்லையென்றால் வங்கி ஊழியர், மின்வாரியப் பொறியாளர், என்னைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர். தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே அடுத்த மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதவர்களை நான் அறிவேன். இப்போது வருகிற இளைஞர்களுக்கு யாரும் மாறுதல் ஆணை கொடுக்கவில்லை. கல்லூரி முடித்து, பெங்களூரிலோ சென்னையிலோ சில காலம் வேலை பார்த்துவிட்டு, தாங்களாகவே முடிவெடுத்து இந்த ஊரில் வீடு பிடிக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களை எங்கள் ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். ஒரு பகுதியினர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகி, பிறகு வாரத்தில் ஓரிரு நாள்கள் மட்டும் அலுவலகத்துக்கு முகம் காட்டினால் போதும் என்ற நிலை வந்ததும், பெங்களூரு வாடகையைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே ஏன் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூரு இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். ஓசூர் வழியாக ரயிலும் இருக்கிறது. இன்னொரு பகுதியினர் போச்சம்பள்ளி, ஓசூர்ப் பக்கம் புதிதாக வந்துள்ள மின்வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளை நம்பி வந்த பொறியாளர்கள். 2008இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து, படிப்பு முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்ட இளம் மருத்துவர்கள் சிலர் உண்டு. இவர்களை விட எண்ணிக்கையில் மிகக் குறைவாக, ஆனால் ஊரில் அதிகம் பேசப்படுகிறவர்களாக, சாமையும் ராகியும் பயிரிட வேண்டும், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊரை மீண்டு வரும் ஊர் என்று நான் சொன்னால், எதிலிருந்து மீண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்புப் பிள்ளைகளில் பலர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும். எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. இங்குள்ள பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடுதான் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உச்ச அளவு. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் குடிநீரில் அதற்கு மேல் இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்தி அந்த நீரையே குடித்தார்கள். பிள்ளைகளுக்குப் பல்லோடு போனது; பெரியவர்களில் சிலருக்கு முழங்காலும் முதுகும் மடங்காமல் போயின. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013இல் காவிரி நீர் குழாயில் வந்தபோது, எங்கள் பள்ளிச் சத்துணவு ஆயா அந்த முதல் குடத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்.

தண்ணீர் மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான். மாநில அளவு 80 விழுக்காடாக இருக்கையில் இங்கே 68.5 விழுக்காடு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு ஆண்டு தொடக்கத்தில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது, எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் பெங்களூருக் கட்டட வேலைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். வருகைப் பதிவேட்டில் தொடர்ச்சியாகச் சிவப்பு மையில் பெயர்களைக் குறித்த அந்த மாதங்களை என்னால் மறக்க முடியாது. அப்படிப்பட்ட ஊருக்கு, வெளியூரில் படித்த பிள்ளைகள் தாமாக விரும்பிக் குடிவருகிறார்கள் என்றால், எங்களில் மூத்தவர்களுக்கு மகிழ்ச்சியும் நம்ப முடியாத திகைப்பும் ஒருசேர வருவது இயல்புதான். "நம்ம பசங்க எல்லாம் எப்படா இந்த ஊர விட்டுப் போவோம்னு இருக்கானுங்க, இவங்க எதுக்கு டீச்சர் இங்க வராங்க?" என்று பேருந்து நிலையத்துக்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் என்னிடம் கேட்டார். அவருடைய மகன் பெங்களூரில் இருக்கிறான். பொங்கலுக்கு மட்டும் வருவான்.

உணவு விஷயத்தில்தான் இரு தரப்பும் முதலில் ஒருவரையொருவர் வியந்து பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். களியும் கீரைக் கடைசலும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்களுக்காக, நேதாஜி புறவழிச்சாலையில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் வியாழன்தோறும் ராகிக் களி கிளறத் தொடங்கினார். அவருடைய மாமியாருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. காசு கொடுத்துக் களி தின்ன ஆள் வருகிறது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அவர் இளவயதில் நெல்லுச்சோறு என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே ஆக்கியது; மகனுக்குத் தினமும் அரிசிச்சோறு போட முடிந்த நாளைத் தன் வாழ்வின் பெரிய வெற்றியாக அவர் நினைத்திருக்கிறார். 2023இல் எங்கள் மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் வந்தபோதும், பழைய காலம் திரும்புகிறதோ என்று அவர் அஞ்சினாராம். களி உடம்புக்கு நல்லது என்று அந்த இளைஞர்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் வேறு வழியில்லாமல் மூன்று வேளையும் களி தின்றவர்களின் நினைவில் அதற்கு வேறொரு ருசி இருக்கிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஒரு பெண் மட்டும் அதைத் தெரிந்துகொண்டாள். பிறகு அவள் களியைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிட்டது.

தண்ணீரிலும் இப்படி ஒன்று நடந்தது. குடிவந்த சிலர் ஒகேனக்கல் நீரை நம்பாமல் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டி, ஒரு குடம் குடிநீருக்காக அதைவிட அதிகமான நீரைச் சாக்கடையில் விடுகிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் வரும் அந்த நீருக்காகக் காத்திருந்து பிடிக்கிற தெருவில் அது கண்ணை உறுத்தத்தான் செய்யும். கழிவாகப் போகும் நீரைப் பாத்திரம் கழுவவாவது பிடித்து வையுங்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும் அவர்கள் ஒரு டிரம் வாங்கி வைத்தார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலோர். சொல்வதற்கு எங்களில் பலர் தயங்குகிறோம். படித்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்ற எண்ணம் நாவைக் கட்டிப்போடுகிறது.

வாடகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் மனம் அதில்தான் நன்றாகத் தெரிகிறது. எங்கள் பகுதியில் ஆறாயிரம் ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு அறை மாடி வீட்டை இப்போது பத்தாயிரத்துக்குக் குறைந்து கொடுப்பதில்லை. பெங்களூரில் இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரிவதில்லை, கேட்டதைக் கொடுக்கிறார்கள். அதனால் தனியார் பள்ளியில் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கும் ஆசிரியையும், துணிக்கடையில் கணக்கெழுதும் குடும்பத்தலைவரும் ஊருக்கு வெளியே நகர்ந்து போகிறார்கள். இதற்குக் குடிவந்தவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வாடகையை உயர்த்தியவர்கள் வீட்டுக்காரர்களாகிய நாங்கள்தான், அவர்கள் உயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. எங்கள் ஊரில் வீடு பார்க்கப் போகிறவரிடம் பெயரைக் கேட்ட கையோடு "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பது பழக்கம். அந்தக் கேள்விக்கு என்ன விடை சொன்னால் வீடு கிடைக்கும், என்ன சொன்னால் "நேத்துதாங்க வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்ற பதில் வரும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆனால் பெரிய நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகப் பேசும் வெளியூர் இளைஞரிடம் அதே வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூசுகிறார். என் பழைய மாணவி ஒருத்தி, இங்கேயே பிறந்து, செவிலியர் படிப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்து, இங்கேயே மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். அவளும் அவள் கணவரும் இந்தப் பகுதியில் வீடு தேடி ஏமாந்து, தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருகிறார்கள். கணவரும் முதுகலைப் பட்டதாரி. இரவுப் பணி முடித்து விடியற்காலையில் பேருந்துக்காக அவள் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யாரோ எங்கிருந்தோ வந்தவருக்குத் திறக்கிற கதவு, ஊரின் நோயாளிகளுக்கு ஊசி போடுகிற பெண்ணுக்குத் திறக்கவில்லை. பட்டதாரிகள் நம் ஊருக்குக் குடிவருகிறார்கள் என்று பெருமைப்பட்டு மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மாவட்ட மைய நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களிடமும் இதைப் பற்றிப் பேசினேன். அவர்கள் எல்லோரும் பட்டதாரிகள். செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களும் அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்களும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து அரசுப் பணிக்கான தொகுதி நான்கு தேர்வுக்குத் தயாராகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மீது அவர்களுக்குப் பகை எதுவும் இல்லை. கணினி வேலைக்கு என்ன படிக்க வேண்டும், நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களிடம் போய்க் கேட்டுப் பயனடைந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு தம்பி சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. "பெங்களூர்ல வேலைய விட்டுட்டு வந்து ஆடு வளர்த்தா பேட்டி எடுக்கறாங்க டீச்சர். நான் பி.இ. படிச்சிட்டு எங்கப்பா ஆட்ட மேய்ச்சா, படிச்சும் வீணாப் போய்ட்டான்னு சொல்றாங்க." அவன் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

இந்த வேறுபாட்டை நான் மிக நெருக்கமாகக் கண்டது பாடம் சொல்லிக்கொடுக்கும் விஷயத்தில். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்து, மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத நிலையில், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தும் தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுவதும் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் பள்ளியை ஒட்டிய குடியிருப்பில் அந்த வேலையை ஏற்றவள் கணிதப் பட்டதாரி. நெசவாளர் வீட்டுப் பெண். ஒரு கோயில் திண்ணையில் பாயை விரித்து, ஏறத்தாழ இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கிச் சொல்லிக்கொடுத்தாள். செங்கல் சூளைக்குப் போய்விட்ட ஒரு பையனின் தாயை மூன்று முறை சென்று பார்த்து அவனைப் பள்ளிக்குத் திருப்பி அழைத்து வந்தவள் அவள்தான். அந்த வேலையை அரசு அவளிடம் கேட்கவும் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை. அவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

பிறகு குடிவந்த இளைஞர்களில் சிலர் சேர்ந்து, ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பழைய மடிக்கணினிகளை நண்பர்களிடமிருந்து சேகரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணினியும் அறிவியல் சோதனைகளும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல முயற்சி, நானே போய்ப் பார்த்து வாழ்த்திவிட்டு வந்தேன். தொடக்க விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், செய்தித்தாளில் போட்டார்கள், இப்படி ஒரு பணியை இந்த ஊரில் யாருமே இதுவரை செய்ததில்லை என்று ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார். அப்போது அந்தக் கணிதப் பட்டதாரிப் பெண் தன் மாணவர்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இளைஞர்கள் தீய எண்ணத்தோடு அவளை ஒதுக்கவில்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்த நாங்களும் சொல்லவில்லை.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் முதுகலை படித்தவன். விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் சொன்ன பிறகு நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா புயல் கரை கடந்தபோது வெள்ளத் தடுப்பு அரண்கள் உடைந்து அந்நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஊரைவிட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. 2000ஆம் ஆண்டில் நாலே முக்கால் லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2010இல் மூன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. வெள்ளம் வடிந்தபின் பெரும்பாலான பள்ளிகளை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. பள்ளி வாரியத்தில் பணியாற்றிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கும் அதிகமானோர் ஆசிரியர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், அந்த ஊரிலேயே பிறந்து பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள். அவர்கள் இருந்த இடங்களில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்த இளம் பட்டதாரிகள் பலர் அமர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஏழைப் பள்ளிகளில் பணியாற்றும் திட்டத்தின் கீழ், நகரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற உண்மையான ஆர்வத்தோடு வந்தவர்கள் அவர்கள்.

அதன்பின் அந்நகரத்துப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் நீக்கப்பட்ட ஆசிரியர்கள் தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றங்களில் வென்று, 2014இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்தக் காயம் அந்த ஊரில் இன்னும் ஆறவில்லை. "அத்தை, வந்த பசங்க கெட்டவங்க இல்ல. ஆனா யாரு எடத்துல நம்மள உட்கார வெச்சாங்கன்னு அவங்கள்ல நெறைய பேருக்குத் தெரியவே இல்ல" என்றான் அண்ணன் மகன். 2018இல் பள்ளிகள் மீண்டும் உள்ளூர் வாரியத்தின் பொறுப்புக்குத் திரும்பின என்று படித்தபோது, அதற்கிடையில் ஓய்வு வயதைக் கடந்துவிட்ட அந்த ஆசிரியைகளை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பேரழிவோ வேலை நீக்கமோ நடக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். இருந்தாலும், ஊர் நலிந்து கிடந்தபோது தாங்கிப் பிடித்தவர்களை ஊர் எழும்போது பார்க்காமல் போவது இங்கும் நடக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குத் திண்ணையில் பாடம் நடத்திய பெண்ணை ஒலிபெருக்கியில் "யாருமே செய்ததில்லை" என்று சொல்லி அழித்துவிடுவது சிறிய காரியமன்று.

இதை அந்த இளைஞர்களிடமே நேராகச் சொன்னேன். மனத்தாங்கல் ஏற்படுமோ என்று அஞ்சினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞரும் அவர் மனைவியும் மறுநாளே என்னை அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய ஞாயிறு வகுப்பில் அப்போது வருகை பாதியாகக் குறைந்து போயிருந்தது. பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண் காரணத்தைச் சொன்னாள். அது மார்ச் மாதம். புளி வந்து இறங்கும் காலம். மூட்டை மூட்டையாகப் புளியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடு உடைத்துக் கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் காலம் முடியும்வரை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதுதான் வருமானம். விடுமுறை நாளென்றால் பிள்ளைகளும் உடன் உட்கார்ந்துவிடுவார்கள். சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஞாயிறு காலை ஆகாது. "சனிக்கெழம சாயந்தரம் வைங்க, அஞ்சு மணிக்கு மேல. மூட்டையக் கட்டி வெச்சிட்டு எல்லாரும் வருவாங்க" என்றாள். நேரத்தை மாற்றியதும் அறை நிறைந்தது.

இப்போது அந்த வகுப்பில் எதை முதலில் கற்பிப்பது, எந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது என்பதையெல்லாம் முடிவு செய்பவள் அவள்தான். அவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து அவளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். அது அவள் படிப்புக்குத் தகுந்த தொகையன்று என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் அவள் தேறிவிட்டாள். பணி நியமனத்துக்காகக் காத்திருக்கிறாள். கணினியை அவர்களிடம் அவள் கற்றுக்கொண்டாள். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் வீடுகளில் தமிழ் எழுத்தை எப்படிப் பதியவைப்பது என்பதை அவளிடம் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்தின்போது பெண்களே வடம் பிடித்து இழுக்கும் தேர் ஒன்று உண்டு. இந்த ஆண்டு குடிவந்த பெண்கள் சிலரை அவள் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பெண்களோடு வடம் பிடிக்கவைத்தாள். உள்ளங்கை சிவந்து போய் வந்தவர்களுக்கு அவள் அம்மா வீட்டில் சாப்பாடு. வெளியூர்க்காரர்கள் என்று யாரும் தனியாகப் பார்க்கவில்லை என்று அந்தப் பெண்கள் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்கள்.

வந்தவர்கள் தங்குவார்களா என்பது ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி. சிலர் போய்விட்டார்கள், நிறுவனம் வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொன்னால் என்ன செய்வார்கள்? ஆனால் தங்குவதும் போவதும் சொந்த ஊரைப் பொறுத்த விஷயமன்று என்பதை என் தலைமையாசிரியர் ஒருவரிடம் கண்டிருக்கிறேன். அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இளம் பட்டதாரியாக எண்பதுகளில் பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வந்தவர். மாறுதல் கிடைத்தும் போகவில்லை. பிள்ளைகளின் பற்களைப் படம் எடுத்து ஒட்டி, குடிநீர் கேட்டு ஒவ்வோர் ஆட்சியருக்கும் மனு எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் எப்போதும் அந்த ஊர்க்காரர் ஒருவராகத்தான் இருப்பார், இவர் பெயர் கடைசியில் இருக்கும். ஒகேனக்கல் நீர் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் இறந்தார். அவர் இறந்தபோது அந்த ஊரில் கடைகள் அடைக்கப்பட்டன. பறையடித்துத் தெருத் தெருவாகச் செய்தி சொன்னார்கள். குடிவந்த இளைஞர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

கடலூர்த் தம்பதிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை என்பதால் அதே தெருவில் கீழ்த்தள வீட்டுக்கு மாறுகிறார்கள். அவர்கள் காலி செய்யும் மாடி வீட்டை என் மாணவியான அந்தச் செவிலியருக்குக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் அவர்களே கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் என்னோடு படித்தவர். நல்லவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். "பாக்கலாம், வீட்ல கலந்துகிட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறாராம். அந்தப் பதிலின் பொருள் எனக்குத் தெரியும். அதனால் வருகிற ஞாயிறு மாலை நானே அவர் வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தெருவில் வீடு வைத்திருக்கும் இரண்டு ஆசிரியர்களும், அவருடைய தாயாருக்கு மருத்துவமனையில் இருந்த நாள்களில் அந்தச் செவிலியர் கையால் மருந்து வாங்கிக்கொடுத்த அவருடைய தங்கையும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.